பாராசிட்டமால் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: டாக்டர், வணக்கம். என் தம்பிக்கு 25 வயது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மே மாதம் நண்பர்களோடு இ.சி.ஆரில் வாடகைக்கு எடுத்த பங்களாவில் பார்ட்டி. அங்கே 'எம்.டி.' என்று சொல்லி யாரோ கொடுத்த போதை மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று. நள்ளிரவுக்கு மேல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உளற ஆரம்பித்தானாம். கை கால் ஜில்லென்று இருந்ததால் குளிர்கிறது போல என்று போர்வை போர்த்திவிட்டார்கள். அப்புறம் நெற்றி கொதிப்பதைப் பார்த்து பாராசிட்டமால் கொடுத்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். போலீஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஐ.சி.யூ., இரண்டு தடவை டயாலிசிஸ் எல்லாம் ஆகிப் பிழைத்து வந்துவிட்டான். இப்போது மூன்று மாதம். நடந்தால் தள்ளாடுகிறான். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. சொன்னதை மறந்துவிடுகிறான். முகத்தில் சிரிப்பே இல்லை. 'மூளை செல் எல்லாம் செத்துப்போயிருக்கும்' என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். உண்மையா? ஒரு மாத்திரை உடம்பை எப்படி அவ்வளவு கொதிக்க வைக்கும்? இன்னொன்று: என் அக்கா மகன் கவனக்குறைவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மீத்தைல்ஃபெனிடேட் சாப்பிடுகிறான். அதுவும் இந்த இனம்தான் என்கிறார்களே, நிறுத்தச் சொல்லவா? அம்மாவிடம் 'வெயில் தாக்கி விழுந்துவிட்டான்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

முதலில் அந்தத் தள்ளாட்டம். மூன்று மாதம் கழித்தும் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சிறுமூளையைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கடிதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் அனுப்பிய சம்மரியில் அன்றிரவு என்ன நடந்தது என்பது வரிக்கு வரி இருக்கிறது.

வந்து சேர்ந்தபோது உடல் வெப்பம் 41.6 டிகிரி செல்சியஸ். நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 107. நாடித்துடிப்பு 168. தசை உடைவதைக் காட்டும் சி.கே. அளவு 38,000; சாதாரணமாக அது 200ஐத் தாண்டாது. சோடியம் 122, 135க்கு மேல் இருந்திருக்க வேண்டும். சிறுநீர் 'கோலா நிறம்' என்று நர்ஸ் குறித்திருக்கிறார். உருகிய தசையின் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொண்ட நிறம் அது. டயாலிசிஸ் தேவைப்பட்டது அதனால்தான். இத்தனையும் தனித்தனி வியாதிகள் என்று நினைக்க வேண்டாம். சோடியத்தை மட்டும் விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் தலையாய காரணம் அந்த 41.6தான்.

இது காய்ச்சல் கிடையாது. பாராசிட்டமால் வேலை செய்யாததற்குக் காரணமும் அதுதான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பு 37 டிகிரியில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பது அது. கிருமி வந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, அந்தக் கணக்கையே 39, 40 என்று ஏற்றிவிடும். உடம்பு வேண்டுமென்றே சூடாகிறது. பாராசிட்டமால் அந்தச் சுரப்பைக் குறைக்கும், கணக்கு இறங்கும், வியர்த்து ஜுரம் விடும். உங்கள் தம்பிக்குக் கணக்கு ஏறவே இல்லை. அது 37லேயே நிற்க, உடம்பு அதன் கட்டுப்பாட்டை மீறிச் சூடாகிக்கொண்டே போயிற்று. அங்கே பாராசிட்டமாலுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வெப்பத்தில் தவிக்கும் கல்லீரலுக்கு அது ஒரு கூடுதல் சுமை, அவ்வளவுதான்.

எப்படி மீறியது என்று கேட்டால், அடுப்பையும் கூட்டிவிட்டு ஜன்னலையும் சாத்தினால் சமையலறை என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. ஆம்ஃபெட்டமைன் இனத்து மருந்துகள், அதாவது ஆம்ஃபெட்டமைன், 'ஐஸ்' என்று விற்கும் மெத்தாம்ஃபெட்டமைன், 'எக்ஸ்டஸி' என்கிற எம்.டி.எம்.ஏ. ஆகியவை எல்லாம், நரம்பு நுனிகளில் சேமிப்பில் இருக்கும், நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான நார்அட்ரினலின், டோபமின், செரட்டோனின் மூன்றையும் மொத்தமாக வெளியே தள்ளிவிடுகின்றன. எது அதிகம், எது குறைவு என்பதில்தான் ஒவ்வொன்றும் மாறுபடும். நார்அட்ரினலின் கொட்டும்போது தசைகள் உள்ளுக்குள் எரிபொருளை வேகமாக எரிக்கத் தொடங்கும். தசை செல்லுக்குள் யு.சி.பி.3 என்று ஒரு புரதம் இருக்கிறது. எரிபொருளில் கிடைக்கும் ஆற்றலை வேலைக்குப் போகவிடாமல் வெறும் வெப்பமாக மாற்ற அது துணைபோகிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு எம்.டி.எம்.ஏ. கொடுத்தால் உடம்பு அவ்வளவு சூடேறவில்லை, பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன என்று 2003ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. போதாக்குறைக்கு செரட்டோனின் அதிகமாகித் தசைகளை விறைக்க வைக்கும். பல் நறநறத்தது அதனால்தான். இதற்கு மேல் மணிக்கணக்கில் ஆட்டம் வேறு.

இது அடுப்புப் பக்கம். ஜன்னல் பக்கம்தான் உங்கள் தம்பியின் நண்பர்களை ஏமாற்றிவிட்டது. நமக்குச் சூடாகும்போது தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டும். அதே நார்அட்ரினலின் அந்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. உள்ளே 40ஐத் தாண்டிக் கொதிக்கும். விரல் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஜில்லென்று இருந்தால் போர்வை போர்த்துவது யாருக்கும் தோன்றுகிற காரியம்தான். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் போர்வை கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டது. இப்படி உளறும் ஆளைத் தொட்டுப் பார்ப்பதென்றால் நெஞ்சு, வயிறு, முதுகில் தொட வேண்டும். கையையும் காலையும் நம்பக்கூடாது.

இடமும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பது மருந்தியலில் ரொம்பப் பழைய விஷயம். ஒரே அளவு ஆம்ஃபெட்டமைனைத் தனியாக இருக்கும் சுண்டெலிக்கும், ஒரே கூண்டில் நெருக்கியடித்து வைத்த சுண்டெலிகளுக்கும் கொடுத்தால், கூட்டத்தில் இருப்பவை அதிகம் சாகும் என்று 1940களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1998ல் இதை இன்னும் துல்லியமாகப் பார்த்தார்கள். எம்.டி.எம்.ஏ. கொடுத்த எலிகளை 20 டிகிரியில் தொடங்கி 30 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் வைத்தார்கள். குளிர்ந்த அறையில் இருந்தவற்றுக்கு உடல் வெப்பம் இறங்கவே செய்தது. 28, 30 டிகிரி அறையில் ஏறியது. யாருக்கு ஏறியதோ அவற்றின் மூளையில்தான் செரட்டோனின் நரம்புகள் பெரிதும் அடிவாங்கியிருந்தன. மருந்து ஒன்று, அளவு ஒன்று. அறை வெப்பம் சில டிகிரி மாறியதற்கே இந்த வித்தியாசம். சென்னையில் மே மாதம் விடிவதற்கு முன்னால், நாளிலேயே குளிர்ச்சியான நேரத்தில்கூட, 28 டிகிரி இருக்கும். கடற்கரை ஓரம், காற்றில் ஈரம் வேறு, வியர்த்தாலும் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஆனால் இதைப் படித்துவிட்டு 'அப்போ ஏ.சி. ரூம் என்றால் பயமில்லை' என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். எலிக்கும் நமக்கும் இங்கே வேறுபாடு உண்டு. கண்காணிப்பில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் 18 டிகிரி அறையிலும் உடல் வெப்பம் ஏறத்தான் செய்தது. அது மருத்துவமனையில், அளந்து கொடுத்த மருந்து, ஆட்டமில்லை, அதனால் ஏற்றமும் கொஞ்சம்தான். நிஜத்தில் எந்த ஆள் எந்த நாளில் 38ல் நிற்பான், யார் 42க்குப் போவான் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

இந்த இனத்துக்கு இன்னொரு கெட்ட குணம், எச்சரிக்கையை அமுக்கிவிடுவது. சூடு ஏறும்போது களைப்பு வந்து நம்மை உட்கார வைக்கும். அதுதான் உடம்பின் பாதுகாப்பு. ஆம்ஃபெட்டமைன் அந்தக் களைப்பைத் தெரியவிடாது. 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் மான் வான்டூ மலையேற்றத்தில், கடும் வெயிலில் சரிந்து விழுந்தார். தூக்கி மறுபடி ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி விழுந்தார், எழவில்லை. வயது 29. அவர் உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன. சட்டைப் பையில் ஆம்ஃபெட்டமைன் குழாய்கள் கிடைத்தன. உலகத் தரமான விளையாட்டு வீரரின் உடம்பே 'போதும்' என்று சொல்ல முடியாமல் போயிற்று.

உங்கள் தம்பி இரண்டாவது மாத்திரை எடுத்தது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எம்.டி.' என்று வாங்கியது எம்.டி.எம்.ஏ.தான் என்று யார் சொன்னது? மும்பை பக்கம் அதே பெயரில் மெஃபெட்ரோன் என்ற வேறொரு போதைப்பொருளை விற்கிறார்கள். பி.எம்.ஏ. என்று இன்னொன்று உண்டு, மெதுவாக ஏறும். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று அடுத்ததைப் போடுவார்கள். உடம்பைக் கொதிக்க வைப்பதில் எம்.டி.எம்.ஏ.வைவிட மோசமானது. 1990களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பகுதியில் அதனால் பலர் இறந்தார்கள். தம்பி சாப்பிட்டது இதுதான் என்று நான் சொல்லவில்லை. சம்மரியில் 'ஆம்ஃபெட்டமைன் பாசிட்டிவ்' என்று மட்டும் இருக்கிறது. வார்டில் செய்யும் சிறுநீர்ப் பட்டைச் சோதனை இனத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

சோடியத்தைத் தனியாக வைத்தேனே, அது தண்ணீரால் வந்தது. எம்.டி.எம்.ஏ. உடம்பில் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது வந்தால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். 1995ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் 18 வயதுப் பெண் ஒருத்தி எக்ஸ்டஸி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு என்று நினைத்துச் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்தாள். வீங்கிய மூளையால்தான் இறந்தாள். தண்ணீரை உடம்பின் மேல் ஊற்ற வேண்டும். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் ஊற்றக்கூடாது.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். மூளை செல் செத்துப்போயிற்றா?

இங்கே இரண்டு வகைச் சேதம் இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். ஒன்று, வெப்பமே செய்வது. மூளை முழுவதும் ஒரே மாதிரி சூட்டைத் தாங்காது. சிறுமூளையில் பர்கிஞ்சி செல்கள் என்று பெரிய நரம்பணுக்கள் வரிசையாக இருக்கும். நடை, பேச்சு, கையின் நேர்த்தி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துபவை. சூட்டில் முதலில் மடிபவை இவைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பயிற்சியில் வெப்பத் தாக்கால் இறந்த அமெரிக்க வீரர்கள் 125 பேரின் உடல்களை ஆராய்ந்து 1946ல் ஓர் அறிக்கை வெளியானது. அதில் சிறுமூளையின் இந்த செல்கள் அழிந்து கிடந்ததை விவரித்திருக்கிறார்கள். அவர்கள் போதை மாத்திரை சாப்பிட்டவர்கள் இல்லை, வெறும் சூடு. நடையும் பேச்சும் சேர்ந்து தள்ளாடுகிறது என்றதும் நான் சிறுமூளை என்றது இதை வைத்துத்தான். இந்த செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, உண்மை. ஆனால் அடிபட்ட எல்லாமே செத்தவை கிடையாது. பிழைத்தவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு வருடம் வரைகூட முன்னேற்றம் வருவதுண்டு. அதற்குப் பயிற்சி வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். சிலருக்குக் கொஞ்சம் தள்ளாட்டம் நிலைத்தும் விடுகிறது. இதை மறைத்துச் சொன்னால் உங்களுக்கு உபயோகமில்லை.

இரண்டாவது, மருந்து வேதியியலால் செய்வது. இதில் பெரும்பாலும் சாவது செல் முழுவதும் இல்லை, அதன் நுனி. டோபமின் சாதாரணமாகச் சின்னச் சின்னப் பைகளுக்குள் பத்திரமாக இருக்கும். மெத்தாம்ஃபெட்டமைன் உள்ளே போய் அதைப் பைக்கு வெளியே, நரம்பு நுனியின் உட்பகுதியிலேயே கொட்ட வைக்கிறது. பைக்கு வெளியே வந்த டோபமின் ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்களாகவும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவையாகவும் மாறும். அவை அந்த நுனியின் புரதங்களையும் கொழுப்புச் சவ்வையும் அரிக்கும். கூடவே குளூட்டமேட் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளின் அளவு ஏறி, செல்லுக்குள் கால்சியம் பெருகி, இன்னும் சேதம். செல்லின் உடல் பல நேரம் பிழைத்திருக்கும், நுனிகள் கருகியிருக்கும்.

இந்த இரண்டாவது சேதத்திலும் வெப்பம் வந்து கை வைக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமாகப் படும் செய்தி இதுதான். 1990களில் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் உள்ள தேசிய நச்சியல் ஆய்வு மையத்தில் ஜான் போயர் குழுவினர் எலிகளுக்கு மெத்தாம்ஃபெட்டமைன் கொடுத்துப் பார்த்தார்கள். 23 டிகிரி அறையில் மூளையின் டோபமின் சரிந்தது. 4 டிகிரி குளிர் அறையில் அதே அளவு கொடுத்தபோது உடம்பு சூடேறவில்லை, டோபமினும் பெரிதாகக் குறையவில்லை. எந்த எலிக்குச் சூடு அதிகம் ஏறியதோ அதற்குச் சேதமும் அதிகம். அரிக்கும் வேதிவினைகள் சூட்டில் வேகம் பிடிக்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு சூட்டில் கசிய ஆரம்பித்து மூளை வீங்குகிறது. எலிகளின் மூளைக்குள் நுண்ணிய வெப்பமானி வைத்துப் பார்த்தவர்கள், மூளையின் சூடு உடம்பின் சூட்டுக்கு முன்னால் ஏறுவதையும் கண்டிருக்கிறார்கள். வெப்பம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. சூடு ஏறாத சில சோதனைகளிலும் நரம்பு நுனிகள் கெட்டிருக்கின்றன. ஆனால் நாம் வெளியிலிருந்து தலையிடக்கூடிய ஒரே இடம் வெப்பம்தான். உள்ளே போன மருந்தைப் பிடுங்கி எடுக்க முடியாது. சூட்டை இறக்க முடியும்.

அன்றிரவு போன இரண்டு மணி நேரத்தைப் பற்றி நீங்கள் இப்போது வருந்திப் பயனில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போதை மாத்திரை சாப்பிட்டவர் உளறுகிறார், விறைக்கிறார், நெஞ்சு கொதிக்கிறது என்றால் முதல் வேலை 108. வண்டி வருவதற்குள் சட்டையைக் கழற்றி, பைப் தண்ணீரோ பக்கெட் தண்ணீரோ உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனுக்கு நேராகப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சில் ஏறாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பது நல்லது. பார்ட்டி என்றால் ஐஸ் இருக்கும். எதற்கு வாங்கியதோ அதை விட்டுவிட்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் வையுங்கள். திமிறினால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்காதீர்கள். திமிறத் திமிறத் தசை இன்னும் சூடாகும், மூச்சும் அடைக்கும். எங்கள் எமர்ஜென்சியில் பெரிய தொட்டி எல்லாம் கிடையாது. தார்ப்பாயில் ஆளைக் கிடத்தி, நாலு மூலையையும் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கொட்டி ஆட்டுவோம். தரை முழுக்க நனையும், செருப்பெல்லாம் மிதக்கும், வாட்ச்மேன் திட்டுவார். ஆனால் அரை மணி நேரத்துக்குள் 39க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கூடவே லோராசெபாம், மிடசோலாம் மாதிரி ஊசி போட்டுத் தசையைத் தளர வைப்போம்.

போலீஸ் பயம் பற்றி: விஷம், போதை சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் மருத்துவமனையில் எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு, போடுவார்கள். அது நடைமுறை. அதற்காக யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் போதை மீட்பு சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்குத் தொடராமல் விட அது வழிசெய்கிறது. வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் என்ன சாப்பிட்டான் என்பதை மறைத்து, 'ஃபுட் பாய்சன் சார்' என்று கொண்டுவந்து நிறுத்துகிறவர்களால் நாங்கள் இழக்கும் அரை மணி நேரத்தை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

மறதிக்கும் சிரிப்பு மறைந்ததற்கும் வருவோம். இதில் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது. 2001ல் நோரா வோல்கோ குழுவினர் அமெரிக்காவில் நீண்ட காலம் மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்) பயன்படுத்தியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதம் குறைந்திருந்தது. அவர்களில் சிலர் ஒரு வருடத்துக்கும் மேலாக அதைத் தொடாமல் இருந்த பிறகு மறுபடி பார்த்தபோது அது கணிசமாக மீண்டிருந்தது. ஆனால் நினைவாற்றல், கை வேகச் சோதனைகளில் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை. அதாவது நுனி வளர்கிறது, வேலை மெதுவாகத்தான் திரும்புகிறது. அவர்கள் வருடக்கணக்கில் எடுத்தவர்கள். உங்கள் தம்பி முன்பும் எடுத்திருக்கிறானா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தனியாக உட்கார்ந்து, கோபப்படாமல் கேளுங்கள். கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2012ல் வந்த ஆய்வு ஒன்றில், மெத் போன்றவற்றால் பாதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 75 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. பயமாக ஒலிக்கும். ஆனால் அந்த நோய் பொதுவாகவே சிலருக்குத்தான் வருவது என்பதால், கூடினாலும் பெரும்பாலோருக்கு வராது. மறுபடி தொடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள இது காரணம் ஆக வேண்டாம்.

ஒரு எக்ஸ்டஸி மாத்திரையே மூளையில் ஓட்டை போடும் என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதையும் அளவோடு நம்புங்கள். 2002ல் சயின்ஸ் இதழில், ஓர் இரவில் ஆட்கள் எடுக்கும் அளவு எம்.டி.எம்.ஏ. குரங்குகளின் டோபமின் நரம்புகளைக் கடுமையாக அழித்தது என்று ஒரு கட்டுரை வந்து உலகமெல்லாம் தலைப்புச் செய்தி ஆயிற்று. அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டில் லேபிள் மாறிப்போய், குரங்குகளுக்குக் கொடுத்தது மெத்தாம்ஃபெட்டமைனாம்! ஆய்வுக்கூடத்திலேயே எது எம்.டி.எம்.ஏ. என்று தெரியாமல் போயிருக்கிறது. பார்ட்டியில் கொடுத்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

அக்கா மகன் விஷயம் சுருக்கமாக. மீத்தைல்ஃபெனிடேட் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அது சேமிப்பைக் கொட்டுவதில்லை; வெளியே வந்த டோபமின் உடனே திரும்ப இழுக்கப்படாமல் பிடித்து வைக்கிறது. மருத்துவர் எழுதிய அளவில், வாய்வழியாக, கண்காணிப்போடு கொடுக்கும்போது இந்தக் கதை எதுவும் அதற்குப் பொருந்தாது. நிறுத்தச் சொல்லாதீர்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள். உச்சி வெயிலில் விளையாட்டுப் பயிற்சி என்றால் அவனுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தம்பிக்குச் செய்ய வேண்டியது. நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். முன்பு எடுத்தது நார்மல் என்று சம்மரியில் இருந்தாலும் எடுங்கள். சிறுமூளை சுருங்குவது சில வாரம், மாதம் கழித்துத்தான் படத்தில் தெரியும். அவன் நடப்பதையும், டம்ளரை எடுத்துக் குடிப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மாதம் கழித்து எடுக்கும் அடுத்த வீடியோவோடு ஒப்பிட உதவும். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் இப்போதே தொடங்க வேண்டும். தினமும் செய்தால்தான் பலன். வாரம் ஒரு நாள் போய்ப் படுத்துவிட்டு வருவதில் ஒன்றும் நடக்காது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை மறுபடி பாருங்கள். சிரிப்பு மறைந்ததற்கு மனநல மருத்துவர் வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல செரட்டோனின் மேல் வேலை செய்பவை, அதனால் நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் மனநலத்துக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இரண்டும் இலவசம். சளிக்கு என்று சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ஒருமுறை வெப்பத் தாக்கு வந்த உடம்பு சில மாதங்களுக்குச் சூட்டை முன்போலத் தாங்காது. மத்தியான வெயிலில் பைக், ஜிம், கிரிக்கெட் மூன்றையும் கொஞ்ச நாள் ஒத்திப்போடட்டும். மூளைக்கு டானிக், நரம்புக்கு ஊசி என்று யார் விற்றாலும் அந்தப் பணத்தை பிசியோதெரபிக்கு வையுங்கள்.

அம்மாவிடம் 'வெயில் தாக்கி' என்று சொன்னது பாதி உண்மைதான், சம்மரியின் முதல் வரியிலேயே வெப்பத் தாக்கு என்றுதான் இருக்கிறது. மீதியை எப்போது சொல்வது என்பது தம்பியின் முடிவு. அவன் சொல்லும்போது பக்கத்தில் இருங்கள். ஆனால் அம்மாவுக்குச் சொன்ன கதையை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள். மாத்திரை என்று தெரிந்தால்தான் அவர் டோபமின் பக்கமும் பார்ப்பார், இதயத்துக்கு ஒரு எக்கோவும் எடுக்கச் சொல்வார். எம்.ஆர்.ஐ. வந்ததும் எனக்கு எழுதுங்கள்.